ஹார்டுவேர் 3: ஒரு கார் கணினியின் வாழ்க்கைக் கதை

டெஸ்லா மாடல் 3 காரில் முன்னால் உட்காரும் பயணியின் முழங்காலுக்கு எதிரே ஒரு க்ளவ் பாக்ஸ் இருக்கும். அதற்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், குளிர்திரவம் ஓடும் உலோகக் கூட்டுக்குள் ஒரு கணினி இருக்கிறது. அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் டெஸ்லா தேடுகிறவர்கள் எத்தனை மைல் ஓடியது, பேட்டரி எப்படி இருக்கிறது என்று விசாரித்த கையோடு இதையும் கேட்கிறார்கள்: உள்ளே இருப்பது ஹார்டுவேர் 3-ஆ, ஹார்டுவேர் 4-ஆ? மூன்று உள்ள கார்கள் பழையவை, மலிவானவை. நான்கு உள்ளவை புதியவை, விலை கூடியவை. மூன்றை இப்போதே வாங்கிவிடலாமா, நான்கின் விலை இறங்கும்வரை பொறுத்திருக்கலாமா? இதற்குப் பதில் அந்தக் கணினியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முன்னோர்கள்

டெஸ்லா கார்களுக்கு ஓட்டுநர் உதவிக் கருவிகள் வந்தது 2014-ல். இஸ்ரேலைச் சேர்ந்த மொபில்ஐ நிறுவனத்தின் சிப், முன்பக்கம் ஒரு கேமரா, ஒரு ரேடார், சுற்றிலும் அல்ட்ராசோனிக் உணரிகள் என்று அமைந்த அந்த முதல் தலைமுறை, நெடுஞ்சாலையில் லேனுக்குள் காரைப் பிடித்து வைத்திருந்தது; முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டியது, குறைத்தது. 2016 மே மாதம் ஃபுளோரிடா மாநிலத்தின் வில்லிஸ்டன் அருகே 'ஆட்டோபைலட்' என்ற இந்த ஓட்டுநர் உதவி முறையில் போய்க்கொண்டிருந்த மாடல் எஸ் ஒன்று, சாலையைக் குறுக்கே கடந்த டிரெய்லர் லாரிக்கு அடியில் புகுந்தது, ஓட்டியவர் இறந்தார். அதையடுத்துச் சில மாதங்களில் மொபில்ஐயும் டெஸ்லாவும் வெளிப்படையாகவே பிரிந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் ஹார்டுவேர் 2 வந்தது. எட்டு கேமராக்கள், என்விடியாவின் கணினி. இனி தயாராகும் ஒவ்வொரு டெஸ்லாவிலும் முழுமையாகத் தானே ஓட்டிச் செல்வதற்கு வேண்டிய கருவிகள் இருக்கும் என்று நிறுவனம் அப்போது அறிவித்தது. அந்தத் திறனுக்கு முன்கூட்டியே பணம் வாங்கி விற்கவும் தொடங்கியது. இன்றுவரை தொடரும் குழப்பம் அத்தனையும் அந்த அறிவிப்பிலிருந்து கிளைத்ததுதான். கருவிகள் எல்லாம் இருக்கின்றன, மென்பொருள் மட்டும் பின்னால் வரும் என்று நம்பித்தான் மக்கள் பணம் கட்டினார்கள்.

பிறப்பு

என்விடியா கணினி கார்களில் ஏறுவதற்கு முன்பே டெஸ்லா சொந்தமாக ஒரு சிப் வடிவமைக்கத் தொடங்கியிருந்தது. 2016 பிப்ரவரியில் அந்தப் பணி ஆரம்பமானது. ஏஎம்டி, ஆப்பிள் நிறுவனங்களில் பெயர் எடுத்த ஜிம் கெல்லரும், ஆப்பிளிலிருந்து வந்த பீட் பேனனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். கேமராவில் வரும் படங்களை நியூரல் நெட்வொர்க்கில் ஓட்டிப் பார்ப்பது என்ற ஒரே வேலைக்காக வரையப்பட்ட சிப் அது. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள சாம்சங் ஆலையில் 14 நானோமீட்டர் முறையில் அது உருவானது. 260 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 600 கோடி டிரான்சிஸ்டர்கள். ஒரு பலகையில் இப்படி இரண்டு சிப்புகள். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டும் சேர்ந்து நொடிக்கு 144 லட்சம் கோடி கணக்குகளைப் போடும். பழைய என்விடியா கணினி நொடிக்கு 110 படங்களை அலசியது. இது 2,300 படங்களை அலசியது.

2019 மார்ச்சில் மாடல் எஸ், எக்ஸ் கார்களிலும் ஏப்ரலில் மாடல் 3-லும் ஏறிய இந்தக் கணினியை, ஏப்ரல் 22 அன்று கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் முதலீட்டாளர்கள் முன் மேடையேற்றினார்கள். அடுத்த ஆண்டே பத்து லட்சம் டெஸ்லாக்கள் ஓட்டுநரில்லா டாக்ஸிகளாக ஓடும் என்று டெஸ்லாவின் தலைமைச் செயல் அதிகாரி ஈலான் மஸ்க் அன்று சொன்னார். அது நடக்கவில்லை.

ஹார்டுவேர் 2 வைத்திருந்தவர்களில் முழுத் தானியங்கித் தொகுப்புக்குப் பணம் கட்டியவர்களுக்குப் புதிய கணினி இலவசமாக மாற்றித் தரப்பட்டது. பழைய கணினி போதும் என்று சொன்ன நிறுவனம், போதாது என்று செயலால் ஒப்புக்கொண்ட முதல் தருணம் அது.

வளர்ந்த காலம்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் ஓரத்தில் இருக்கும் ஃப்ரீமாண்ட் ஆலை, ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்தியது. அங்கிருந்து லட்சக்கணக்கான கார்களுக்குள் ஹார்டுவேர் 3 ஏறிப் புறப்பட்டது. 2020 அக்டோபரில் நகரத் தெருக்களில் திரும்பவும், சிக்னலில் நிற்கவும் தெரிந்த 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' பீட்டா மென்பொருள் சிலருக்கு வந்தது. 2022 நவம்பரில், வட அமெரிக்காவில் பணம் கட்டியிருந்த எல்லோருக்கும் கிடைத்தது. அந்தத் தொகுப்பின் விலை 2020 அக்டோபரில் 10,000 டாலர். 2022 செப்டம்பரில் 15,000 டாலர். 2024 ஏப்ரலில் 8,000 டாலருக்கு இறங்கியது. மாதச் சந்தா 199 டாலரிலிருந்து 99 ஆனது.

கணினி மாறாமல் இருந்தபோது, அதைச் சுற்றியிருந்தவை மாறிக்கொண்டே இருந்தன. 2021-ல் மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை எடுத்தார்கள். 2022 அக்டோபரில் தொடங்கி அல்ட்ராசோனிக் உணரிகளையும் எடுத்தார்கள். எஞ்சியது எட்டு கேமராக்கள். ஒவ்வொன்றும் 12 லட்சம் பிக்சல்தான்.

இந்த மென்பொருளை எழுதும் குழுவை நடத்துகிறவர் அசோக் எல்லுசாமி. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, கார்னெகி மெல்லனில் ரோபோட்டிக்ஸ் பயின்றவர். ஆட்டோபைலட் குழுவுக்கு எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான் என்று மஸ்க் சொல்லியிருக்கிறார். 2024 தொடக்கத்தில் பரவலாக வந்த 12-ஆம் பதிப்பில், நகரச் சாலைகளுக்காகக் கையால் எழுதப்பட்டிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வரி சி பிளஸ் பிளஸ் நிரல் நீங்கி, கேமரா படத்திலிருந்து ஸ்டியரிங்வரை நியூரல் நெட்வொர்க்கே தீர்மானிக்கும் முறை வந்தது. ஓட்டம் வெகுவாக நயமானது. ஆனால் இந்த முறையில் நெட்வொர்க் பெரிதாகப் பெரிதாகத் திறமை கூடும். பெரிய நெட்வொர்க்குக்கு அதிக நினைவகமும் வேகமும் வேண்டும். 2016-ல் வரைந்த சிப்பின் எல்லை இங்கே தெரியத் தொடங்கியது.

வாரிசு வந்த பிறகு

2023-ல் ஹார்டுவேர் 4 வந்தது. கேமராக்கள் 50 லட்சம் பிக்சலுக்கு உயர்ந்தன, கணினியும் வேறு. 2024 கடைசியில் வெளியான 13-ஆம் பதிப்பு ஹார்டுவேர் 4-க்கு மட்டும். ஹார்டுவேர் 3-க்கு 12-ஆம் பதிப்பின் சுருங்கிய வடிவங்களே கிடைத்தன. 2025 ஜூனில் ஆஸ்டினில் டெஸ்லா தொடங்கிய டாக்ஸி சேவையில் ஓடியவை ஹார்டுவேர் 4 உள்ள மாடல் ஒய் கார்கள். அவற்றிலும் பக்கத்து இருக்கையில் கண்காணிப்பாளர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

2025 ஜனவரியில் மஸ்க், முழுத் தொகுப்பை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு ஹார்டுவேர் 3 கணினியை மாற்றித் தர வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். சந்தா கட்டியவர்களுக்கோ, தொகுப்பே இல்லாத காரை வாங்கியவர்களுக்கோ அந்த வாக்கு கிடையாது. வடிவமும் மின்தேவையும் கேமரா இணைப்புகளும் வேறு என்பதால் ஹார்டுவேர் 4-ஐ அப்படியே கழற்றிப் பழைய காரில் மாட்டவும் முடியாது. இதற்கிடையே ஏஐ5 என்ற அடுத்த சிப்பும் அறிவிக்கப்பட்டுவிட்டது.

வாடகைக் காராக ஒரு பிறவி

2021 அக்டோபரில் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் ஒரு லட்சம் டெஸ்லாக்களுக்கு ஆர்டர் கொடுத்ததாக அறிவித்தது. ஃப்ரீமாண்டில் தயாரான வெள்ளை, கறுப்பு மாடல் 3-கள் விமான நிலைய வளாகங்களில் வரிசை கட்டின. 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதிய கார்களின் விலையை ஒரே நாளில் வெட்டியது. நெடுந்தூர மாடல் ஒய் 65,990 டாலரிலிருந்து 52,990-க்கு வந்தது. புதிய காரின் விலை சரிந்தால் பழைய காரின் மதிப்பு நிற்குமா? அதோடு விபத்துப் பழுதுக்கான செலவும் ஹெர்ட்ஸ் எதிர்பார்த்ததைவிட அதிகம். 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்கப்போவதாகச் சொன்னது. பிறகு அதை 30,000 ஆக்கியது. அதனால் சந்தையில் ஹார்டுவேர் 3 உள்ள மாடல் 3-கள் 25,000 டாலருக்கும் கீழே வந்து நின்றன.

அந்த 25,000 டாலருக்கு ஒரு முக்கியத்துவம் இருந்தது. அந்த விலைக்கு மேல் போகாத செகண்ட் ஹேண்ட் மின்காரை டீலரிடம் வாங்கினால், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசு 4,000 டாலர்வரை வரிச்சலுகை கொடுத்தது. அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துபோனது. 2022-ல் பொறுத்தவர்களுக்கு விலைச் சரிவு லாபமானது. 2025-ல் பொறுத்தவர்கள் 4,000 டாலர்வரை இழந்தார்கள். பொறுத்தால் எப்போதும் லாபம் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாம் உரிமையாளரின் வீட்டில்

சரி, இந்தக் கணினி இன்று என்ன செய்யும்? முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைச் சரிசெய்யும். லேனுக்குள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும். மோதல் வரும் நிலையில் தானே பிரேக் போடும். மாதச் சந்தா கட்டினால் நகரத் தெருக்களிலும் உங்கள் மேற்பார்வையில் ஓட்டும். ஹார்டுவேர் 4-உம் சட்டப்படி உங்கள் மேற்பார்வையில்தான் ஓட்டும். எந்தத் தலைமுறையாக இருந்தாலும் ஓட்டுநர் நீங்கள், பொறுப்பு உங்களுடையது. பெயரில் 'முழு' என்று இருந்த இந்தத் தொகுப்புக்கு 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லை 2024-ல் டெஸ்லாவே சேர்த்துக்கொண்டது. 2023 டிசம்பரில் ஓட்டுநரின் கவனத்தைக் கண்காணிக்கும் முறை போதவில்லை என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு மென்பொருள்வழி ரீகால் வந்ததையும் மறக்க வேண்டாம்.

ஆகவே காரை வாங்குகிறவர் முதலில் காரைப் பார்க்க வேண்டும். மாடல் 3-ன் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு ஆண்டு வாரன்டி. பின்சக்கர வகைக்கு 1,00,000 மைல்வரை, நெடுந்தூர வகைக்கு 1,20,000 மைல்வரை. இதற்குள் பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுவனம் பொறுப்பு. கார் கை மாறினாலும் இந்த வாரன்டி கூடவே வரும். ஆனால் மற்ற பாகங்களுக்கான நான்கு ஆண்டு வாரன்டி 2021-ஆம் ஆண்டுக் கார்களுக்கு முடிந்துவிட்டது. வாடகைக்கு ஓடிய காரா என்பதைப் பதிவு வரலாற்றில் பாருங்கள். டயர், சக்கர விளிம்பு, அடித்தட்டு ஆகியவற்றை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். திரையில் கண்ட்ரோல்ஸ், சாஃப்ட்வேர், கூடுதல் வாகனத் தகவல் என்று போனால் எந்தக் கணினி என்பது தெரிந்துவிடும். முழுத் தொகுப்பு சேர்ந்தது என்று விற்பவர் சொன்னால், அது காரின் திரையில் இருக்கிறதா என்று பார்த்து, எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு

2016-ல் ஹார்டுவேர் 2 போதும் என்றார்கள். 2019-ல் மூன்று போதும் என்றார்கள். இப்போது நான்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான்கு மலிவாகும் நாளில் அதுவும் பழையதாகியிருக்கும். அடுத்த கணினிக்காகக் காத்திருப்பவரின் காத்திருப்பு முடியவே முடியாது.

வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்து, தினசரி ஓட்டத்துக்கு ரேஞ்ச் போதுமென்று தெரிந்து, பேட்டரியும் நன்றாக இருந்தால், ஹார்டுவேர் 3 உள்ள காரைத் தயங்காமல் வாங்குங்கள். அது பழையது என்பதையே சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். கார் தானே ஓட்டும் வசதிக்காகத்தான் டெஸ்லா வாங்குகிறீர்கள் என்றால் மூன்றைத் தொடாதீர்கள். நான்கு வாங்கும் அளவுக்குப் பணம் சேரும்வரை பொறுங்கள். எந்தக் காரை வாங்கினாலும், இன்று நீங்களே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தபோது அது செய்த வேலைக்கு மட்டும் விலை கொடுங்கள். நாளை வரப்போகிறது என்று சொல்லப்படும் மென்பொருளுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.