புள்ளிப்பட்டியல் பிறந்த கதை

1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை. இங்கிலாந்தில் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பதினொன்றோடு சொந்த மைதானத்தில் ஒரு தடவை, எதிராளியின் மைதானத்தில் ஒரு தடவை மோத வேண்டும். ஆக ஓர் அணிக்கு 22 ஆட்டம், மொத்தம் 132. ஒன்றை மட்டும் யாரும் முடிவு செய்திருக்கவில்லை. ஜெயித்தால் எத்தனை புள்ளி?

வெற்றிக்கு மட்டும் புள்ளி, டிராவுக்கு ஒன்றும் கிடையாது என்று ஒரு தரப்பு சொன்னது. டிராவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது மறுதரப்பு. நவம்பரில்தான் தீர்ந்தது. வெற்றிக்கு 2, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. அதற்குள் இரண்டு மாதத்துக்கும் மேலாக ஆடி முடித்திருந்தார்கள்.

புள்ளியைப் பற்றி நினைக்காமலே எப்படி லீக் தொடங்கினார்கள்? யார் சிறந்தவர் என்று கண்டுபிடிக்க அவர்கள் லீக் நடத்தவில்லை. சம்பளம் கொடுப்பதற்காக நடத்தினார்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் டோர்னமென்ட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அவை பெரும்பாலும் நாக்-அவுட். நுழைவுக் கட்டணம் கட்டி, டெம்போ பிடித்து வந்த அணி முதல் ஆட்டத்தில் தோற்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஊர் திரும்பிவிடும். இரண்டு நாள் திருவிழாவுக்கு அது போதும். ஆனால் அந்த அணியில் பதினோரு பேருக்கு வாராவாரம் சம்பளம் தர வேண்டியிருந்தால்?

1885இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவதை இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் அனுமதித்தது. கிளப்புகளுக்குத் தலைவலி அன்று தொடங்கியது. செலவு வாரம் தவறாமல் வந்தது. டிக்கெட் வசூல் அப்படி வரவில்லை. கோப்பைப் போட்டியில் தோற்றால் அத்தோடு சரி. நட்பு ஆட்டம் பேசி வைத்தாலோ, வேறு நல்ல ஆட்டம் கிடைத்த எதிரணி கடைசி நேரத்தில் கைவிரித்துவிடும்.

பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரெகோர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகி. ஸ்காட்லாந்துக்காரர். கடைக்காரருக்கு நிச்சயமான வரவின் அருமை தெரியும். 1888 மார்ச் 2 அன்று சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். கவுன்ட்டி கிரிக்கெட்டைப் போல பத்துப் பன்னிரண்டு அணிகள் சேர்ந்து, முன்கூட்டியே தேதி குறித்து, ஒருவருக்கொருவர் ஊர் மாறி ஆடினால் என்ன? ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரின் ராயல் ஹோட்டலில் லீக் உருவானது. முதல் பருவத்தில் பிரஸ்டன் நார்த் எண்ட் ஒரு தோல்வி கூட இல்லாமல் 40 புள்ளி எடுத்தது. இரண்டாம் இடம் பிடித்த ஆஸ்டன் வில்லாவுக்கு 29தான்.

அந்தப் பன்னிரண்டும் வடக்கிலும் நடுப்பகுதியிலும் இருந்த அணிகள். தெற்கத்தியவர்கள் 1894இல் சதர்ன் லீக் என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள். புள்ளிப்பட்டியல் எதை அளக்கிறது என்பது அதன் 1900-01 பருவத்தில் வெட்டவெளிச்சமானது. அந்த ஆண்டு டாட்டன்ஹாம் அணி நாட்டின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கப்பையே வென்றது. கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் 1,10,000 பேருக்கு மேல் கூடிய இறுதியாட்டம் 2-2 என்று முடிய, மறு ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 3-1 என்று வீழ்த்தியது. அதே பருவத்தில் சதர்ன் லீக் பட்டியலில் டாட்டன்ஹாமுக்கு ஐந்தாம் இடம். முதலிடம் சவுத்தாம்ப்டனுக்கு. கோப்பைக்குச் சில நல்ல நாட்கள் போதும். பட்டியலோ பருவம் முழுவதையும் கணக்குப் பார்க்கும்.

இந்தியாவுக்கு லீக் 1898இல் கல்கத்தா வழியாக வந்தது. ஆடியவர்கள் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பிய கிளப்புகளும்தான். 1911 ஜூலை 29 அன்று இந்தியர்களின் மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தபோது, அந்த லீக்கில் அதற்கு இடமே கிடையாது. 1914இல் இரண்டாம் பிரிவு, 1915இல் முதல் பிரிவு. இந்திய அணி ஒன்று பட்டியலின் உச்சிக்கு வர 1934 ஆனது. அந்த அணி முகமதன் ஸ்போர்ட்டிங். அந்த ஆண்டு முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அதுதான் சாம்பியன்.

எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. அது தெரிய வேண்டுமென்றால் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு வர வேண்டும். அங்கு நடந்த 2022 செஸ் ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள். லீக் முறையில் ஆடினால் 17,578 மோதல்கள். ஒவ்வோர் அணியும் 187 நாள் தங்க வேண்டும். அதற்கு 1895இலேயே ஜூரிச்சில் விடை கண்டிருந்தார்கள். சம புள்ளியில் இருப்பவரோடு சம புள்ளிக்காரரை மோத விடும் சுவிஸ் முறை அது. ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள், தோற்றவரும் வெளியேற மாட்டார். பதினொரு சுற்றில் பூஞ்சேரியில் எல்லாம் முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்துக் கால்பந்து 1981இல் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாறிவிட்டது. டிரா போதும் என்று ஆடுபவர்களை உசுப்பிவிட அந்த ஏற்பாடு. செஸ் ஒலிம்பியாட் 2008இல் அணிகளின் மோதல் முடிவுக்கான புள்ளியை முதன்மையாக்கியபோது 2, 1, 0 என்றுதான் வைத்தது. கால்பந்து கழித்துக் கட்டிய 1888ஆம் ஆண்டுக் கணக்கில்தான் பூஞ்சேரியில் பதக்கம் தந்தார்கள்.

அந்தக் கணக்கு யாருக்கும் சலுகை காட்டவில்லை. மகளிர் பிரிவில் பத்தாம் சுற்றின் முடிவில் தனித்து முன்னிலையில் இருந்த இந்திய ‘ஏ’ அணி கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்று வெண்கலத்துக்கு இறங்கியது. பொதுப் பிரிவில் இந்திய ‘பி’ அணியின் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராகக் கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். எல்லாப் பலகைகளையும் கூட்டினால் அணிகளின் மோதல் 2-2 என்று டிரா ஆனது. அந்த ஒரு பலகையில் டிரா கிடைத்திருந்தால்கூட இந்தியாவுக்கு 2 புள்ளி வந்திருக்கும். உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19இல் முடித்தன. டை-பிரேக்கில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. இந்திய ‘பி’ அணிக்கு 18, வெண்கலம். முதல் பலகையில் மிகச் சிறப்பாக ஆடியதற்கான தங்கம் குகேஷுக்குக் கிடைத்தது. முதல் சுற்றில் வந்த புள்ளியும் பத்தாம் சுற்றில் போன புள்ளியும் பட்டியலுக்கு ஒரே எடைதான்.