யானைக்கால் புழுவைத் தேடிய ஆண்டுகள்

யானைக்கால் நோயின் காரணம் நான்கு கண்டங்களில் துண்டு துண்டாகவே வெளிப்பட்டது. 1863இல் பாரிஸில் தெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், கியூபாவிலிருந்து வந்த ஒருவரின் விரைவீக்க நீரில் நுண்புழுக்களைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பாஹியாவில் வூச்சரர், பால்போல் வெளுத்த சிறுநீரில் அவற்றைப் பார்த்தார். 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் இரத்தத்திலும் அவை இருப்பதைக் காட்டினார். 1876 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் தாய்ப்புழுவையே கண்டெடுத்தார்.

புழு ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் போவது எப்படி? தென்சீனத் துறைமுகமான அமோயில் மருத்துவராக இருந்த பேட்ரிக் மேன்சன் இதை ஆழ்ந்து யோசித்தார். இரத்தத்தில் திரியும் நுண்புழுக்கள், அதாவது தாய்ப்புழுவின் குஞ்சுகள், எல்லாம் அங்கேயே வளர்ந்தால் மனிதன் இறப்பான். அவனோடு புழுவும் அழியும். ஆகவே அவை வெளியேறியாக வேண்டும். இரத்தத்தை வெளியே கொண்டுபோவது கொசு. 1877இல் நுண்புழு உள்ள தம் பணியாளரைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, இரத்தம் குடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்தார். புழு உறையைக் கழற்றி, கொசுவின் வயிற்றைத் துளைத்து, மார்புத் தசைக்குள் புகுந்து வளர்ந்துகொண்டிருந்தது. மனித நோய் ஒன்றின் உயிரி பூச்சிக்குள் வளர்வதை அதுவரை எவரும் கண்டதில்லை. அந்நுண்புழுக்கள் பகலில் மறைந்து, நள்ளிரவில் தோல் இரத்தத்தில் நிறைவதையும் மேன்சனே கண்டறிந்தார். அந்தக் கொசு கடிக்கும் வேளையும் இரவுதான்.

ஆனால் கொசு ஒருமுறையே இரத்தம் குடித்து, முட்டையிட்டு, நீரில் விழுந்து சாகும் என்று அவர் நம்பினார். அந்த நீரைக் குடிப்பவரை நோய் பற்றும் என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்தக் கருத்தை 1900இல் ஜார்ஜ் லோ திருத்தினார். பான்கிராஃப்டின் மகன் தாமஸ் பிரிஸ்பேனிலிருந்து அனுப்பிய கொசுக்களை லண்டனில் ஆராய்ந்தபோது, அவற்றின் ஊசி போன்ற உறிஞ்சுகுழலில் புழுக்கள் இருந்தன. கடியே வழி என்பது தெளிவாயிற்று. அதற்குள், மலேரியாவும் கொசுவால் வரலாம் என மேன்சன் ஊட்டிய எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் வெற்றி கண்டிருந்தார்.

மருந்து 1947இல்தான் வந்தது. டைஎதில்கார்பமசைன் என்னும் அதை உருவாக்கிய லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இந்தியாவில் தேசிய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டம் 1955இல் தொடங்கியது. தாய்ப்புழு பல ஆண்டுகள் உயிரோடிருப்பதால், பின்னாளில் நோயில்லாதவர் உட்பட ஊர் முழுவதற்கும் ஆண்டுதோறும் மாத்திரை தரப்பட்டது. இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவில் ஒழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிசெய்தது.