பல்லில் தங்கிய பயணி

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணுத் தொகுதி முழுவதும் ஏறத்தாழ 3,200 எழுத்துகளில் அடங்கிவிடும். மனிதனுடையது 300 கோடி. இந்த வைரஸைக் கொசு சுமப்பதில்லை, குடிநீர் சுமப்பதில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவம் என்று மனிதரிடமிருந்து மனிதருக்கே அது தாவியாக வேண்டும். ஆகவே அது போய்ச் சேர்ந்த இடமெல்லாம் யாரோ ஒருவர் நடந்தோ, படகேறியோ, விலங்கிடப்பட்டோ போய்ச் சேர்ந்த இடம்.

ரத்தத்தில் ஓடும் இந்த வைரஸ் பல்லுக்குள்ளும் தங்கும். புதைத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன பின்னும் அதன் துணுக்குகள் அங்கே கிடைக்கின்றன. யுரேசியாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் 10,500 முதல் 400 ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்தவர்களின் எச்சங்களிலிருந்து 137 வைரஸ் மரபணுத் தொகுதிகளை மீட்ட ஆய்வு 2021இல் வெளியானது. இன்று ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் எல்லா வகைகளுக்கும் பொது மூதாதை 20,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன் இருந்ததென்று அது கணித்தது. வேளாண்மை ஐரோப்பாவுக்குப் பரவியபோது உழவர்களுடன் ஒரு கிளை போனது. சுமார் 4,000 ஆண்டுகள் அங்கே கோலோச்சிய அந்தக் கிளை, கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் இறுதியில் சரிந்தது. வேறு கிளைகள் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று அரிதாகக் காணப்படும் ‘ஜி’ வகை ஒன்றே அதன் மிச்சம். எச்.ஐ.வி. பரவிய காலத்தில்தான் அது மறுபடியும் தலையெடுத்ததாகத் தெரிகிறது.

என்னை அதிகம் கலங்கவைப்பது ஒரு குழந்தை. இத்தாலியின் நேபிள்ஸ் நகரில், சான் டொமினிக்கோ மஜ்ஜோரே தேவாலயத்தில் 16ஆம் நூற்றாண்டில் அடக்கம் செய்யப்பட்ட, ஏறக்குறைய இரண்டு வயதுப் பிள்ளை. முகத்துத் தடிப்புகளைப் பார்த்துப் பெரியம்மை என்றுதான் முதலில் முடிவு கட்டினார்கள். 2018இல் மரபணுவைப் படித்தபோது அம்மையின் தடயமே இல்லை. இருந்தது ஹெபடைடிஸ் பி, ‘டி’ வகை. இந்தியாவில் இன்று பரவலாக இருப்பதும் அதே ‘டி’ வகைதான்.

கிழக்காசியாவில் ‘பி’ வகையும் ‘சி’ வகையும், அமெரிக்கத் தொல்குடிகளிடம் ‘எஃப்’பும் ‘எச்’சும். ஆப்பிரிக்காவின் கதை வேறு. மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க ‘ஈ’ வகை நிறைந்திருக்கிறது. ஆனால் அங்கிருந்து அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களின் சந்ததியினரிடம் அமெரிக்காவில் அது மிக அரிது. அவர்களிடம் ஆப்பிரிக்காவின் ‘ஏ’ வகையே அதிகம். ‘ஈ’ வகை வைரஸ்களுக்கிடையே வேறுபாடும் குறைவு. எனவே கடைசி அடிமைக் கப்பல் போன பிறகே அது பெருகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கொதிக்கவைக்காத ஊசிகளைப் பலருக்கும் போட்ட இருபதாம் நூற்றாண்டு மருத்துவ முகாம்கள்மீது சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது.

இந்த வைரஸ் அறிவியலின் கண்ணில் பட்டதும் கடல் கடந்து வந்த ரத்தத்தின் வழியேதான். 1960களில் ஆஸ்திரேலியத் தொல்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் அமெரிக்க ஆய்வாளர் பாரூக் பிளம்பர்க் கண்ட, இந்த வைரஸின் மேலுறைப் புரதத்துக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்றே பெயர் வைத்தார்கள். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் அவர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நம் ஊர்க் கீழாநெல்லியையும் சோதித்தார். 1988இல் வெளிவந்த சென்னை முடிவுகள் பெரும் நம்பிக்கை தந்தன. பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடி ஓடும் வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நோய் உள்ளவரிடம் “எங்கே போய் வாங்கி வந்தாய்?” என்று கேட்கும் உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள். அநியாயமான கேள்வி. பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்டு நிலைக்கிறது. பெரியவர்களானபின் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் அப்படிச் சுமந்து வாழ்ந்தவர்கள் 25.4 கோடி பேர். அவர்களில் மிகப் பலர் பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ அதைப் பெற்றவர்கள்.

தைவான் 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். பரவலாகப் புழங்கும் தடுப்பூசி ‘ஏ’ வகையின் மேலுறைப் புரதத்தைக் கொண்டு செய்யப்பட்டது. எல்லா வகைகளின் உறையிலும் பொதுவாக உள்ள ஒரு பகுதியை உடல் அடையாளம் கண்டுகொள்வதால், அந்த ஒரே ஊசி மற்ற வகைகளையும் தடுக்கிறது.