மலைக்கு அழைத்து வரப்படும் நோயாளிகள்: தமிழ்த் திரையில் இயலாமையும் மறதிநோயும், தேயிலைத் தோட்டத்துப் பார்வையாளரும்

தமிழ்த் திரைப்படத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத உடலோ மனமோ கொண்ட ஒருவர் கதைக்குள் வந்தால், அவரை மலைக்கு அழைத்துப் போய்விடும். பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யில் (1982) விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட விஜியைச் சென்னையின் விபசார விடுதியிலிருந்து மீட்கும் சீனு, நீலகிரியின் கேத்திக்குக் கூட்டிச் செல்கிறான். ஏ.எல். விஜயின் ‘தெய்வத்திருமகள்’ (2011) படத்தில் மனவளர்ச்சி குன்றிய கிருஷ்ணாவின் வாழ்வு ஊட்டியை அடுத்த அவலாஞ்சியில் நடக்கிறது; அவனைக் குறுக்கு விசாரணை செய்யும் நீதிமன்றம் சென்னையில் இருக்கிறது. ராமின் ‘பேரன்பு’ (2019) மூளை முடக்குவாதத்துடன் வாழும் பாப்பாவை அவளுடைய தந்தையோடு ஆளரவமற்ற மலை வீடு ஒன்றில் குடிவைக்கிறது. பனியும் பசுமையும் தனிமையும் சேர்ந்து புண்பட்ட மனிதருக்குப் புகலிடம் ஆகின்றன.

இதே படங்களை இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் பார்ப்பவர்களுக்கு மலை வேறொன்று. அது கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் வேலைத்தலம். முழங்கால் தேய்வதும் இடுப்பு பிடிப்பதும் அங்கேதான். திரைப்படம் இயலாமையை ஒருவரின் உடலுக்குள் அடைத்துவிட்டு மலையை மருந்தாகக் காட்டுகிறது. தோட்டத்திலோ சரிவும் குடியிருப்பும் கூலிமுறையும் சேர்ந்துதான் ஒரு சிறு குறைபாட்டை முழு இயலாமையாக வளர்க்கின்றன. இந்த இடைவெளியை அளக்காத எந்தத் திரை விமர்சனமும் மலையகப் பார்வையாளரின் எதிர்வினையைப் புரிந்துகொள்ள உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சரிவும் கூலியும்

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் ஒரு காம்பரா (அறை) 10 அடிக்கு 12 அடி என்பது மலையகம் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் அளவு. இஸ்தோப்பை (முன் விறாந்தையை) தாண்டினால் படி. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகப் படி. மழைக்காலத்தில் அந்தப் படிகளும் வழுக்கும். சக்கர நாற்காலி கிடைத்தாலும் அது உருளத் தளம் இல்லாத லயங்கள் ஏராளம். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவர் மாலைக்குள் நிறுத்துக் காட்ட வேண்டிய கொழுந்து பல தோட்டங்களில் 18 கிலோ. அதற்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. கண் மங்கிய, விரல் நடுங்கும் ஒருவரின் குறைபாட்டை வைத்தியர் கண்டறிவதற்கு முன்பே தராசு கண்டறிந்துவிடுகிறது.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்துக்கு நாடு 2016இல் ஏற்புறுதி அளித்தது. 2012ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ நினைவிலோ ஏதேனும் சிரமம் உடையவர்கள் எனப் பதிந்தது. சட்டமும் கணக்கும் இவ்வளவு பேசிய பிறகும், இந்த மலைகளில் இயலாமை எப்படி உண்டாகிறது என்பதைத் தமிழ்த் திரை அரிதாகவே கேட்டிருக்கிறது.

கேட்ட படங்களுள் முக்கியமானது பாலாவின் ‘பரதேசி’ (2013). தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ நாவலைத் தழுவியது இது. தப்பியோட முயலும் தொழிலாளியின் கால் நரம்பை அறுத்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் ஊனம் விதியாகவோ பாவமாகவோ வரவில்லை. ஆட்களைத் தோட்டத்திலேயே கட்டிவைப்பதற்கான நிருவாக உத்தியாக வருகிறது. கொடுமையை அடுக்கிக்கொண்டே போகும் பாலாவின் பாணியோடு உடன்படாதவர்களும் இந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஊனத்தை உண்டாக்கிய கையை அந்தப் படம் பார்வையாளருக்குக் காட்டுகிறது.

கண்ணீர் யாருக்கு?

‘மூன்றாம் பிறை’ மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்த ஒருவரின் படைப்பு என்பதால் இலங்கைத் தமிழருக்கு அதன்மேல் தனி உரிமை உண்டு. அதன் கடைசிக் காட்சியில், நினைவு திரும்பிய விஜி ரயிலில் அமர்ந்திருக்கிறாள். அடிபட்டு ஓடிவரும் சீனு, தன்னை நினைவூட்டுவதற்காகக் குரங்கைப் போல் குட்டிக்கரணம் அடிக்கிறான். அவள் அவனைப் பைத்தியம் என்றே நினைக்கிறாள். அரங்கம் அழுதது சீனுவுக்காக. தேசிய விருதுகள் சீனுவாக வந்த கமல்ஹாசனின் நடிப்புக்கும் பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவுக்கும் கிடைத்தன. பராமரித்த ஆணையும் பின்னணியான மலையையும் உலகம் பாராட்டியது. நினைவிழந்தவள் அந்த மாதங்களில் எதை அஞ்சினாள், எதை விரும்பினாள் என்று கேட்கப் பார்வையாளருக்கு வழி திறக்கவில்லை.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பும் தேவை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவ்வாறு அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டன. கேத்தியில் ‘மூன்றாம் பிறை’யின் படப்பிடிப்பு நடந்த காலத்தில், அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல் போக்குவரத்து நின்றிருக்கவில்லை. ஹட்டனிலிருந்து உறவினரை வழியனுப்பியவர்களுக்கு படத்தின் கடைசிக் காட்சியில் வரும் அந்தச் சிறு மலைப் புகையிரத நிலையம் காதலர் பிரியும் இடமாக மட்டும் தெரிந்திருக்க முடியாது. ஒரே காட்சி, பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப வேறு பொருள் கொள்ளும் என்று ஸ்டுவர்ட் ஹால் 1973இல் விளக்கியது மலையகத்துக்கு மிகவும் பொருந்தும்.

பிரித்தானிய உளவியலாளர் டாம் கிட்வுட், மறதிநோய் உள்ளவரின் ஆளுமையைச் சுற்றியுள்ளோரின் நடத்தையே எப்படிச் சிதைக்கிறது என்பதை 1997இல் வெளிவந்த தம் நூலில் பட்டியலிட்டார். வளர்ந்த மனிதரைக் குழந்தையாக நடத்துவது அப்பட்டியலில் ஒன்று. விஜியாக வரும் ஸ்ரீதேவியின் மழலையும் கிருஷ்ணாவாக வரும் விக்ரமின் கள்ளமற்ற சிரிப்பும் நம் மனத்தை நெகிழ வைக்கும் அதே வேளையில், கிட்வுட் எச்சரித்த பழக்கத்தையே அன்பின் உச்சமாக நமக்குக் கற்பிக்கின்றன. ‘பேரன்பு’ இவ்வகையில் ஒரு படி முன்னே நிற்கிறது. மகள் பூப்பெய்துவதையும் அவளுக்கு உடல் விருப்பம் எழுவதையும் தந்தை எதிர்கொள்ளத் திணறும்போது, பாப்பா குழந்தையல்ல, வளரும் பெண் என்பதைப் பார்வையாளர் ஏற்கும்படி ஆகிறது.

மறதி: திருப்பமா, தினசரியா?

தமிழ்த் திரையில் நினைவிழப்பு நெடுங்காலம் தலையில் விழுந்த அடியாகவே இருந்தது. ‘கஜினி’ (2005), ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012) ஆகியவை அந்த வரிசையில் வருகின்றன. முதுமையில் மெல்லப் படரும் டிமென்ஷியா பின்னர்தான் திரைக்கு வந்தது. மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’யில் (2015) லீலா சாம்சன் ஏற்ற பவானிக்கு அல்சைமர். ராதாமோகனின் ‘60 வயது மாநிறம்’ (2018) படத்தில் பிரகாஷ்ராஜ் ஏற்ற தந்தை நகரில் காணாமல் போகிறார். இரண்டிலும் நோயாளி வழிதவறுவது கதையை நகர்த்துகிறது. அவரைத் தேடும் இளையவர்கள் காதலையோ பாசத்தையோ கண்டடைகிறார்கள். கதை தடுமாறும் இடத்தில் ஊன்றுகோலாக ஒரு குறைபாட்டைப் பயன்படுத்தும் இவ்வழக்கத்தை டேவிட் மிட்செலும் ஷாரன் ஸ்னைடரும் 2000இல் விரிவாக ஆராய்ந்தார்கள்.

ஆயினும் இப்படங்கள் செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உலக அல்சைமர் அறிக்கைக்காக 2019இல் 155 நாடுகளில் ஏறத்தாழ 70,000 பேரிடம் கருத்துக் கேட்டபோது, மூன்றில் இரு பங்கினர் டிமென்ஷியா முதுமையின் இயல்பான விளைவு என்றே நம்பினர். சுகாதாரப் பணியாளர்களிலும் 62 சதவீதத்தினர் அப்படியே எண்ணினர். ‘வயசுபோனா அப்படித்தான்’ என்பது லயத்தில் மட்டும் கேட்கும் சொல் அல்ல. அதை ஒரு நோய் என்று பெயரிட்டு வீட்டுக்குள் பேசவைத்த பெருமை திரைக்கு உண்டு.

ஆனால் பவானிக்குப் பக்கத்தில் பகல் முழுவதும் கணவர் இருக்கிறார். தோட்டத்தில் பகலில் மகள் மலையில், மகன் கொழும்பில், பேரப்பிள்ளை பாடசாலையில். பால்குடிப் பிள்ளைகளுக்குப் பிள்ளைக் காம்பரா வைத்த தோட்ட முறை, நினைவு மங்கும் முதியவருக்கு அப்படியொரு பகல்நேர ஏற்பாட்டை உருவாக்கவில்லை. கானும் பள்ளமும் பனியும் உள்ள இடத்தில் வழிதவறுவது என்றால் என்ன என்று இங்குள்ள பார்வையாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோயைக் கண்டறியும் முறையிலும் இந்த வேறுபாடு உண்டு. ஃபோல்ஸ்டீனும் சக ஆய்வாளரும் 1975இல் வகுத்த, உலகெங்கும் பரவிய சிறு மனநிலைச் சோதனை ஆண்டு, பருவம், இடம் ஆகியவற்றைக் கேட்கும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளிப்படிப்புக் குறைந்தவர் நோயின்றியே குறைந்த மதிப்பெண் பெறுவார் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. பள்ளிப் பருவத்திலேயே கொழுந்துக்குப் போன தலைமுறை இந்தச் சோதனையில் அறிவிழந்தவராகத் தோன்றக்கூடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964க்குப் பின் இரு அரசுகளின் கணக்கில் பங்கிடப்பட்டவரிடம் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றையே கேட்பதாகும். திரைக்கதைக்கு இவ்வளவு செறிந்த பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. சுமதி சிவமோகனின் ‘இங்கிருந்து’ (2013) மலையக மக்களின் வாழ்வையும் நினைவையும் மலையகத்திலேயே படமாக்க முடியும் என்று காட்டியது.

எதிர்த்துக் கேட்கும் பார்வையாளர்

எதிர்வினை என்பது கண்ணீரோடும் கைதட்டலோடும் முடிவதில்லை. ‘ஆங்க் மிச்சோலி’ (2023) என்ற இந்திப் படம் அல்சைமர் உள்ள தந்தையையும் காது கேளாதவரையும் திக்கிப் பேசுபவரையும் கேலிப் பெயர்களால் அழைத்தது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் நிபுண் மல்ஹோத்ரா வழக்குத் தொடுத்தார். இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று அளித்த தீர்ப்பு, மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் அவரைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் பிரித்துக் காட்டியது. சித்திரிப்பில் அவர்களையும் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்றும் வழிகாட்டியது. ஒரு பார்வையாளரின் மனத்தாங்கல் திரைத்துறை முழுவதற்குமான நெறியாக மாறியது இப்படித்தான்.

இலங்கையில் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) வேறொரு பாதையைக் காட்டுகிறது. போரில் இறந்ததாக மூடிய பெட்டியில் வந்த மகனின் சாவை, பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி நம்ப மறுக்கிறார், பெட்டியைத் தோண்டியெடுக்கிறார், உள்ளே உடல் இல்லை. அவர் பரிதாபத்துக்குரியவராக வரவில்லை. ஊரில் ஐயத்தைத் துணிந்து செயலாக்கியவராக வருகிறார். அரசு தடுத்த அப்படம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2001இல் திரைக்கு வந்தது.

மலையகத்திலிருந்து இனி எழுத வேண்டிய திரை ஆய்வு மூன்று கேள்விகளை முன்வைத்துத் தொடங்கலாம். படத்தில் இயலாமையை உண்டாக்குவது உடல் மட்டுமா, இடமும் வேலையும்கூடவா? பராமரிப்பவரின் நாள் எப்படிக் கழிகிறது, அந்த உழைப்புக்குக் கூலி உண்டா? நோயாளியின் பார்வையிலிருந்து ஒரு காட்சியாவது எடுக்கப்பட்டிருக்கிறதா? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டக் கலாசார மண்டபங்களில் இப்படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்களின் பேச்சை அவர்களுடைய வழக்கிலேயே பதிவுசெய்தால் இக்கேள்விகளுக்கான விடைகள் சேரத் தொடங்கும். தோட்டச் சங்கங்களும் ஆசிரியர்களும் சேர்ந்தால் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. 2023இல் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த சமூகத்தில் அந்த வரலாற்றின் நேரடிச் சாட்சிகள் முதுமையில் இருக்கிறார்கள் என்பதால், இந்தப் பதிவைத் தள்ளிப்போட இடமில்லை.