பட்டிப்பூ கற்பித்த பாடம்

வேலியோரத்திலும் கோயில் வீதியிலும் கோடை வெயிலைப் பொருட்படுத்தாது பூத்து நிற்கும் பட்டிப்பூவை அறியாதார் நம்மில் யாருமிலர். நித்தியகல்யாணி என்பதும் இதன் பெயரே. மடகஸ்கார் தீவிற் பிறந்து வெப்ப நாடுகளெங்கும் பரவிய இச்செடி, புற்றுநோய் வைத்திய வரலாற்றிற் பெற்றுள்ள இடம் பெரிது.

1952ஆம் ஆண்டிலே கனடாவில் வாழ்ந்த டொக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமேக்காவிலிருந்து ஒரு பொதி வந்தது. அதனுள் இருந்தவை இச்செடியின் 25 இலைகள். நீரிழிவுக்கு அதன் கஷாயத்தைக் குடிப்பது அத்தீவினர் வழக்கம். அவர் அவற்றை மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரான தம் சகோதரர் றொபேட் நோபிளுக்கு அனுப்பினார். எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசிமூலம் ஏற்றியபோதோ எலிகள் சில நாட்களிற் கிருமித்தொற்றால் மாண்டன. காரணம் தேடியபோது, வெண்குருதிக் கலங்கள் பெரிதும் அருகியிருந்தமை புலனாயிற்று. தேடியது கிட்டவில்லை, தேடாதது கிட்டிற்று.

வெண்குருதிக் கலங்கள் அளவின்றிப் பெருகுவதன்றோ இரத்தப் புற்றுநோய்! நோபிளும் சாள்ஸ் பியரும் உழைத்து 1958இல் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவின் லில்லி நிறுவனத்திலே கோர்டன் ஸ்வொபோடா குழுவினரும் அதே செடியை ஆராய்ந்தனர். அங்கு கிடைத்த வின்கிறிஸ்ரின் 1963இல் அந்நாட்டில் அங்கீகாரம் பெற்றது. கலம் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிழைகள் உருவாகாது தடுப்பதே இவற்றின் தொழில். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் பிற மருந்துகளோடு வின்கிறிஸ்ரின் வழங்கப்படுகின்றது.

இனி நம் நாட்டை நோக்குவோம். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்குவன. ஏழாலை பொன்னையாபிள்ளை ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பரராசசேகரத்தை அச்சேற்றியிராவிடின் அச்செல்வம் செல்லுக்கு இரையாகியிருக்கும். மானிப்பாயிலே டொக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்ததும் இம்மண்ணிலேதான். 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பித்து வருகின்றது.

ஆயினும், "எல்லாம் நம் ஏட்டில் உண்டு" என்று பெருமை பேசி அமைவது போதாது. 1960 முதல் 1982 வரை அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. மருந்தாகத் தேறியவை மிகச் சில. இலங்கையில் வைத்தியர் வழங்கிய கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை இனம் ஆகியவற்றின் கஷாயத்தை நம் நாட்டு ஆராய்ச்சியாளர் எலிகளில் சோதித்து, ஈரற் புற்று தோன்றுவதை அது தடுக்கக் காண்பதாக 2003இல் வெளியிட்டனர். எலியிற் கண்டது மனிதனிலும் பலிக்கும் என்பதற்கு அது சான்றாகாது. மேலும் ஆராய்வதற்கே சான்றாகும்.

இவ்வேறுபாட்டை உணராமையால் உயிர்கள் அழிகின்றன. பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்துக் காலம் கடத்துவோர் அறிய வேண்டுவது ஒன்று: அவ்விலை நஞ்சுடையது, மருந்தாவது, பிரித்தெடுத்து அளந்து ஏற்றும்போதே. தெல்லிப்பழையிலே புற்றுநோய் மருத்துவமனை அமைவதற்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். அவ்வாயிலை நோயாளர் காலந்தாழ்த்தாது அடையச் செய்வது நம் கடன்.

இளைஞர்காள்! ஏட்டைப் பேணுவோம், ஏட்டிலுள்ளதைச் சோதிக்கவும் கற்போம். முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை இவ்விரண்டும் சேர்ந்ததே.