அந்த மைலேஜ் யாரோட கணக்குல?

பைக்கோ காரோ, வாங்கப் போனா நம்ம வாயில முதல்ல வர்ற கேள்வி, "மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்?" அமெரிக்காவில் சில வண்டிகளுக்கு இந்தக் கேள்விக்கு அரசாங்கப் பதிலே கிடையாது. சுமையோடு சேர்த்து 8,500 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 3,855 கிலோவுக்கு மேல் அனுமதி பெற்ற பிக்கப் டிரக்குகளில் மைலேஜ் லேபிள் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. குதிரை ட்ரெய்லரும் படகும் இழுக்கிற பெரிய டீசல் வண்டிகள் இவைதான்.

கதை 1989 மாடலில் சூடு பிடிக்கிறது. டாட்ஜ் தன்னுடைய பிக்கப்பில் கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினை வைத்தது. 160 குதிரைத்திறன்தான். ஆனா டார்க் சுமார் 540 நியூட்டன் மீட்டர், அதுவும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே. பாரம் இழுக்க அதுதான் வேணும். அன்றைய ஃபோர்டு, ஜிஎம் பிக்கப் டீசல்களில் எரிபொருள் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரியும். கொஞ்சம் வெப்பம் அங்கேயே வீணாகும். கம்மின்ஸ் நேரா சிலிண்டருக்குள்ளேயே தெளித்தது. மைலேஜும் கூடியது.

1994-ல் வந்த மாடலில் பாஷ் கம்பெனியின் மெக்கானிக்கல் பம்ப். உள்ளே ஒரு சின்னத் தகடு, எவ்வளவு டீசல் போகலாம் என்று எல்லை போடும். அதைக் கொஞ்சம் நகர்த்தினாலோ மாற்றினாலோ பவர் எகிறும், கூடவே கரும்புகையும். அந்தக் காலத்து ட்யூனிங் அவ்வளவுதான். 2003-ல் காமன் ரெயில் வந்தபோது அந்தத் தகட்டு வேலை ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. எப்போ, எவ்வளவு, எந்த அழுத்தத்தில் தெளிக்கணும் என்பதெல்லாம் அட்டவணைகள். நம்ம பாஷையில சொன்னா, ஒரு கான்ஃபிக் ஃபைல். லேப்டாப்பை மாட்டினால் மாற்றிவிடலாம்.

இங்கேதான் சிக்கல். தெளிக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால், அதே டீசலில் கூடுதல் வேலை கிடைக்கும். ஆனா சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும், காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடாக மாறும். அது நுரையீரலுக்குக் கேடு. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும்.

2007-ல் அமெரிக்க விதிகள் இறுகின. புகைக்கரியைப் பிடிக்க ஃபில்டர் வந்தது. அது அடைத்துக்கொண்டால், கூடுதல் டீசல் செலவழித்து அந்தக் கரியை எரிக்கணும். மைலேஜ் விழுந்தது. பாரம் இழுத்துப் பிழைக்கிறவரின் கோபம் எனக்குப் புரியுது. பலர் ஃபில்டரையே கழற்றிவிட்டு, அது இல்லாததை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாதபடி ட்யூன் ஏற்றினார்கள். இதற்குப் பெயர் 'டிலீட்'. இது சட்டவிரோதம். 2020-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மதிப்பீடு வெளியிட்டது: பத்தாண்டில் இப்படி மாற்றப்பட்ட டீசல் பிக்கப்கள் 5,50,000-க்கு மேல். அவை கூடுதலாகக் கக்கும் மாசு, விதிப்படி ஓடும் 90 லட்சம் டிரக்குகளைப் புதிதாக ரோட்டில் விட்டதற்குச் சமம்.

சரி, தப்பெல்லாம் ஓனர்களோடதுன்னு முடிச்சிடலாமா? 2023 டிசம்பரில் கம்மின்ஸே 167.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் டிரக்குகளின் எஞ்சின்களில், மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் வசதி இருந்ததாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டதிலேயே பெரிய அபராதம் அதுதான்.

இதைப் படிச்சப்போ எனக்கு உறுத்தினது வேற. நானும் தினமும் 'இந்த எண்ணைத் தாண்டினா இதைச் செய்' என்று கோடு எழுதுறவன். அந்த எண்ணால் யாருக்கு லாபம், யாருக்கு இருமல் என்று ஒரு நாளும் யோசிச்சதில்லை.

ட்யூன் இல்லாமலே மைலேஜ் கூட்ட ஒரு வழி இருக்கு. பெரிய ட்ரெய்லரோடு மணிக்கு 105 கிலோமீட்டரில் போகிறவர் 120-க்கு ஏற்றினால், காற்றுத் தடை சுமார் 30 சதவீதம் கூடும். அதனால காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். அதுக்கான செலவை வேற யாரும் கட்ட வேண்டியதில்லை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.