கம்பவுண்டர் முதல் பார்ம்.டி. வரை: மருத்துவமனை மருந்தாளுநர் தொழிலின் வரலாறு

நோயைப் பார்ப்பவர் ஒருவர், மருந்தைச் செய்பவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டை ஐரோப்பாவில் முதலில் சட்டமாக்கியவர்களுள் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரடெரிக் முக்கியமானவர். 13ஆம் நூற்றாண்டில் அவர் பிறப்பித்த ஆணை, மருந்து வணிகருடன் மருத்துவர் கூட்டு வைத்துக்கொள்வதைத் தடுத்தது. மருந்தை எழுதுபவருக்கு அதன் விற்பனையில் லாபம் இருந்தால், நோயாளியின் தேவைக்கு மேல் எழுதத் தோன்றும் என்பதே இதன் அடிப்படை. இப்பிரிவிலிருந்தே மருந்தாளுநர் தொழில் தனியாக வளரத் தொடங்கியது.

தமிழ்நாட்டு மரபில் சித்த வைத்தியரே மூலிகை பறித்து, அரைத்து, எரித்து, தம் கையால் மருந்து கொடுத்தார். ஆனால் பலர் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தில் இது ஒருவரால் ஆகாத வேலை. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. அங்கே மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர் ஆகியோரோடு, மருந்துச் சரக்குகளையும் விறகையும் கொண்டுவந்து பிற வேலைகளைச் செய்ய இருவரும், நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கப் பெண்கள் இருவரும் இருந்தனர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது.

சீசாவும் கல்வமும்

ஆங்கில மருத்துவம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வந்தது. 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கம்பெனியாரின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய சிறு மருத்துவமனையே, இன்றைய சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் தொடக்கம். கப்பலில் வரும் மருந்து எப்போதும் போதாது. வந்ததும் வெயிலில் கெட்டுப்போகும். அதனால் உள்ளூர்ச் சரக்குகளை அறிவது தேவையாயிற்று. வைட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலும், எட்வர்ட் வேரிங் தொகுத்த 1868ஆம் ஆண்டின் இந்திய மருந்துக் குறிப்பேடும், அதற்கு மறு ஆண்டே சென்னை மருத்துவர் மூடீன் ஷெரிப் எழுதிய இணைப்பு நூலும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. மூடீன் ஷெரிப்பின் நூல் ஒவ்வொரு சரக்குக்கும் இந்திய மொழிப் பெயர்களைத் தொகுத்துத் தந்தது. கடையில் கேட்டு வாங்கும் பெயர் தெரியாமல் மருந்து கலக்க முடியாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ‘கெமிஸ்தம்’ உள்ளிட்ட நூல்களை வெளியிட்டதும் இதே நூற்றாண்டில்தான்.

1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, மருத்துவர்களுக்குத் துணைநிற்கும் அப்போதிக்கரிகளையும் காயம் கட்டுவோரையும் பயிற்றுவித்தது. அப்போதிக்கரி மருந்தும் கலப்பார். மருத்துவர் இல்லாத இடத்தில் வைத்தியமும் பார்ப்பார். அவருக்கு அடுத்த படியில் இருந்தவர் கம்பவுண்டர். மருந்தாளுநர் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் அறிந்த பெயர் இதுதான்.

கம்பவுண்டரின் அறையில் தராசும், பீங்கான் கல்வமும், அளவுக் குவளையும் இருக்கும். மருத்துவர் எழுதிய சீட்டில் மினிம், திராம், அவுன்சு, கிரெயின் என்ற அளவுகள் இருக்கும். 60 மினிம் ஒரு திராம். 8 திராம் ஒரு அவுன்சு. நோயாளிகள் வீட்டிலிருந்தே வெற்றுச் சீசா கொண்டுவருவார்கள். கம்பவுண்டர் அதில் மிக்ஸ்சரை ஊற்றி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்பதைக் காட்ட, பற்கள் போல வெட்டிய காகிதப் பட்டையைச் சீசாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளவு தவறாமல் குடிக்க அப்பட்டை போதும். பொடியாகத் தரும் மருந்தைத் தாளில் சமபங்காகப் பிரித்து மடிப்பதும், களிம்பைப் பலகையில் குழைப்பதும் அவர் வேலை. பெரும்பாலோர் இதை மூத்த கம்பவுண்டரிடம் பார்த்தே கற்றனர். கைத்திறன் அவரிடம் இருந்தது. சீட்டில் எழுதியதைக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கவில்லை.

சட்டம் வந்த கதை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையில் போலி மருந்துகளும் தரமற்ற மருந்துகளும் பெருகின. மருந்து விற்க எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. இது குறித்து எழுந்த குரல்களின் விளைவாக, 1930இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை, மருந்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்றதோடு, மருந்தைக் கையாள்பவருக்கும் படிப்பும் பதிவும் வேண்டும் என்றது. அறிக்கை வெளிவந்த சில ஆண்டுகளிலேயே மகாதேவ லால் ஷ்ராஃப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கக் கல்வியைத் தொடங்கினார். 1937இல் அங்கே பி.பார்ம். பட்டப்படிப்பு வந்தது.

மருந்துகளுக்கான சட்டம் 1940இல் வந்தது. அவற்றைக் கையாளும் மனிதருக்கான சட்டம், அதாவது பார்மசி சட்டம், விடுதலைக்குப் பின் 1948இல் நிறைவேறியது. மறு ஆண்டு இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. கல்வி விதிகளின் முதல் தொகுப்பு 1953இல் வெளியாயிற்று. சட்டம் வந்தபோது நாட்டில் பட்டயம் பெற்றவர்கள் மிகக் குறைவு. அதனால் முதல் பதிவேட்டில் இடம்பெற, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ குறைந்தது 5 ஆண்டுகள் மருந்து கலந்த அனுபவமே போதும் என்று சட்டம் ஏற்றது. கைப்பழக்கத்தால் தொழில் கற்ற கம்பவுண்டர்கள் பலர் இவ்வழியில் பதிவு பெற்றனர். பதிவு இல்லாதவர் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலக்கவோ வழங்கவோ கூடாது என்ற 42ஆம் பிரிவு, பல முறை தள்ளிப்போடப்பட்ட பிறகு, 1984இல்தான் நடைமுறைக்கு வந்தது.

டி.பார்ம். எனப்படும் பட்டயமே இன்றுவரை பதிவுக்கான குறைந்தபட்சத் தகுதி. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் பயின்று, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ 500 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். பி.பார்ம். நான்கு ஆண்டுப் படிப்பு. ஆனால் அதன் பாடங்கள் நெடுங்காலம் மருந்துத் தொழிற்சாலையை நோக்கியே இருந்தன. நோயாளியின் பக்கம் அவை அதிகம் திரும்பவில்லை.

கலவை போன பிறகு

சல்பா மருந்துகள் 1930களிலும், பெனிசிலின் 1940களிலும் வந்தபின் மருந்து செய்யும் இடம் மாறியது. மாத்திரையும் ஊசிமருந்தும் ஆலையிலேயே அளவாகி, அடைபட்டு வந்தன. கல்வத்துக்கு வேலை குறைந்தது. மருத்துவமனை மருந்தாளுநர் இருப்புக் கணக்குப் பார்த்து, சாளரத்தின் வழியே அட்டை மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பவரானார். தமிழ்நாட்டில் 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மருந்து கிடைப்பது சீரானது. மருந்தாளுநரின் பொழுது கிடங்குக் கணக்கிலும் நீண்ட வரிசையிலும் கழிவது தொடர்ந்தது.

மருந்து கலப்பவர் மருந்து எண்ணுபவரான இதே மாற்றம் மேலை நாடுகளில் முன்பே நிகழ்ந்திருந்தது. மருந்துகள் வலுவாக ஆக, அவற்றின் தீங்கும் வலுத்தது. கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைக் குறைத்த தாலிடமைடு 1961இல் திரும்பப் பெறப்பட்டது, மருந்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற பாடத்தை உலகுக்குக் கற்றுத் தந்தது. ஒரே நோயாளி பல மருந்துகளை உட்கொள்ளும்போது, ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுப்பதும் தெரியவந்தது. இதைக் கவனிக்க மருத்துவருக்கு நேரமில்லை. மருந்தறிவு உள்ளவரோ அடித்தளத்து அறையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்.

1966இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், ஒன்பதாம் மாடி அறுவைச் சிகிச்சை வார்டிலேயே மருந்தாளுநர்களை அமர்த்தி ஒரு சோதனை நடந்தது. அவர்கள் இரவும் பகலும் அங்கிருந்து, மருந்துப் பட்டியலைச் சரிபார்த்து, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருந்துத் தகவல் தந்தனர். கிளினிக்கல் பார்மசி என்ற துறைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது இது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனிலும் மருந்தாளுநர்கள் வார்டுகளுக்குச் சென்று மருந்து அட்டைகளைப் பார்வையிடத் தொடங்கினர். 1990இல் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரை, மருந்தை வழங்குவதோடு மருந்தாளுநரின் பொறுப்பு முடிவதில்லை, அது தரும் பலனுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதிட்டது.

உதகையும் மைசூரும்

இந்தியாவில் கிளினிக்கல் பார்மசி வேரூன்றியது 1990களின் பிற்பாதியில். மைசூரிலும் உதகையிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரிகள், ஆஸ்திரேலிய மருந்தாளுநர்களின் துணையோடு, மருத்துவமனையில் பயிற்சி தரும் எம்.பார்ம். படிப்பைத் தொடங்கின. உதகையில் அரசுத் தலைமை மருத்துவமனையே மாணவர்களுக்கு வகுப்பறையாக அமைந்தது. வெள்ளை அங்கியோடு வார்டுச் சுற்றில் கலந்துகொள்ளும் பார்மசி மாணவர் அன்று புதிய காட்சி.

2008இல் பார்மசி கவுன்சில் பார்ம்.டி. படிப்புக்கான விதிகளை வெளியிட்டது. இது ஆறு ஆண்டுப் படிப்பு: ஐந்து ஆண்டுகள் கல்வி, ஓர் ஆண்டு உள்ளுறைப் பயிற்சி. பி.பார்ம். முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டில் முடியும் வழியும் உண்டு. படிப்பை நடத்தும் கல்லூரி, குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையோடு இணைந்திருக்க வேண்டும். நோய்வாரியான மருந்துச் சிகிச்சை, நச்சியல், உயிர்ப் புள்ளியியல், இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணித்தல் ஆகியவை பாடங்கள். இறுதி ஆண்டில் ஆறு மாதம் பொது மருத்துவ வார்டிலும், மீதி ஆறு மாதம் வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளிலும் பணிபுரிய வேண்டும்.

வார்டில் நடக்கும் வேலை

கிளினிக்கல் பார்மசிஸ்டின் நாள் பெரும்பாலும் நோயாளியின் மருந்து வரலாற்றைக் கேட்பதில் தொடங்குகிறது. சீட்டில் உள்ளவற்றோடு கடையில் தானாக வாங்கிய மாத்திரை, நாட்டு மருந்து, முன்பு ஒவ்வாமை தந்த மருந்து எல்லாவற்றையும் கேட்டுக் குறிக்க வேண்டும். பிறகு மருந்துப் பட்டியலை நோயாளியின் வயது, எடை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறார்.

சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஜென்டாமைசின் வழக்கமான அளவில் போனால் காதும் சிறுநீரகமும் கெடலாம்; அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதே வார்ஃபரினின் வலுவைக் குறைக்கும். கருத்தடை மாத்திரையையும் பயனற்றதாக்கலாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் குறுகிய அளவு வரம்புக்குள் மட்டுமே பாதுகாப்பானது. மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவருக்கு அது சரியாக உடலில் சேராது. இத்தகைய இடங்களில் அவர் மருத்துவரிடம் மாற்று வழியை எடுத்துச் சொல்கிறார். முடிவெடுப்பவர் மருத்துவரே. சொன்னதும், மருத்துவர் ஏற்றதும் ஏற்காததும் பதிவாகின்றன.

நோயாளி வீடு திரும்பும் நாளில் மருந்தை விளக்குவதும் இவர் பணி. ஆஸ்துமா நோயாளி இன்ஹேலரை உறிஞ்சும் முறை, இன்சுலினைக் குத்தும் இடம், குளிர்பெட்டியில் வைக்கும் விதம் ஆகியவை செய்து காட்டினால்தான் விளங்கும். மருந்தால் நேரும் தீங்குகளைக் கண்டு அறிக்கை அனுப்புவது இன்னொரு கடமை. இதற்கென நாடு தழுவிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. 2011 முதல் அதன் ஒருங்கிணைப்பு மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகவியல் ஆணையத்தில் இயங்குகிறது. நுண்ணுயிர்க்கொல்லிகளை அளவோடு பயன்படுத்தும் குழுக்களிலும் புற்றுநோய் மருந்துக் கலவை அறைகளிலும் இவர்களுக்கு இடம் உண்டு. கம்பவுண்டரின் கலக்கும் கை அங்கே கையுறையோடும் காற்று வடிகட்டும் பெட்டியோடும் திரும்பி வந்திருக்கிறது.

படிப்பும் பணியிடமும்

2015இல் வெளியான பார்மசி தொழில்முறை விதிகள், நோயாளிக்கு மருந்தை விளக்குவதை மருந்தாளுநரின் கடமையாக எழுத்தில் வைத்தன. ஆயினும் பல அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநரின் பணி மருந்து வழங்கும் சாளரத்தோடு முடிகிறது. பெருநகரங்களின் பெரிய தனியார் மருத்துவமனைகளே, தரச்சான்று பெறும் தேவையையும் முன்னிட்டு, கிளினிக்கல் பார்மசிஸ்டுகளை அமர்த்துகின்றன. வேலை கிடைக்காத பார்ம்.டி. பட்டதாரிகள் பலர் மருந்து நிறுவனங்களுக்கும், மருந்துப் பாதுகாப்புத் தரவுகளைக் கையாளும் அலுவலகங்களுக்கும், வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர்.

திருமுக்கூடல் கல்வெட்டு வேலையைச் சொன்ன இடத்திலேயே அதைச் செய்பவருக்கு உரிய நெல்லையும் காசையும் சொன்னது. இன்றைய விதிகள் படிப்பையும் கடமையையும் விரிவாகச் சொல்கின்றன. படுக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வார்டுகளில் பணியிடங்களை உருவாக்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.